அண்ணையின் பெயரில் என் காசு

என் மனிசனின் இரண்டு முழங்காலும் தேய்ந்து போனதற்கு நாற்பது வருடத் தோட்டவேலைதான் காரணம் என்று டொக்டர் சொன்னார். எலும்பும் எலும்பும் உரசுகிறதாம். இரண்டு மூட்டையும் மாற்றினால்தான் இனி ஒழுங்காக நடக்கலாமாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் உள்ளே வைக்கிற மூட்டுகளை நாங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சாமான், விலை டொலரோடு சேர்ந்து ஏறும் என்றார்.

அவர் இதைச் சொன்னது ரூபாய் விழுந்த வருடத்தில். மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளையெல்லாம் தள்ளிப் போட்டிருந்தார்கள். முழங்கால் அவசரமில்லாததாம். அவசரமா இல்லையா என்று எங்கள் வளவுக்கு வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மனிசனுக்குக் குந்த ஏலாது. எங்கள் கக்கூசோ வீட்டுத்திட்டத்தில் கட்டினது, வளவின் பின்கோடியில் இருக்கிறது, குந்தித்தான் இருக்க வேண்டும். நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையின் நடுவில் கத்தியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, அதைக் குழிக்கு மேல் வைத்தேன். காலையில் அவரைத் தாங்கிக்கொண்டு போய் அதில் இருத்திவிட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். கதிரைக்கு இடம் விட்டால் கதவைச் சாத்த முடியாது. அவர் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவரைப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் நேரத்தோடு ஓய்வெடுத்தேன். உள்ளூர்ச் சபை அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவள் நான். படிவம் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. காணி ஒருவர் பெயரிலும் விண்ணப்பம் இன்னொருவர் பெயரிலும் இருந்தால் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்து அனுப்புவேன். வாய்க்காரி என்று என்னைப் பற்றி ஒரு பேர் இருந்தது. அது பொய்ப் பேரில்லை. அப்படிப்பட்ட எனக்குத்தான் பணிக்கொடைக் காசு கைக்கு வந்த மாதத்திலேயே புத்தி பேதலித்தது.

என் அண்ணை கனடாவில் இருக்கிறார். சண்டை முடிந்த பிறகு கரம்பொனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பழைய வீடு வாங்கினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து மூன்று கிழமை நிற்பார். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டுத்தான். அவருக்காக நான் கையெழுத்து வைக்கலாம் என்று அற்றோணி எழுதித் தந்திருந்தார். தீவுப்பகுதியில் இது புதினமில்லை. பாதி வீடுகளுக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில், பூட்டைத் திறக்கிற திறப்பு இங்கே ஒரு உறவுக்காரியின் அலுமாரியில். அண்ணையின் திறப்பு என் அலுமாரியில். நாங்கள் கூட்டுவோம், பின்னேரம் லைட்டைப் போடுவோம், ஆடு மாட்டைக் கலைப்போம், கரண்டுக் காசு கட்டுவோம். ஆனால் அந்த வீட்டில் படுக்கமாட்டோம், சமைக்கமாட்டோம், கிணற்றடியில் கால் கழுவுவதோடு சரி. பார்க்கக் கொடுத்த வீட்டில் பாய் விரித்தவள் என்று ஒருத்திக்குப் பேர் வந்தால் அவள் கோயிலுக்குப் போனாலும் சனம் அதைத்தான் கதைக்கும்.

அந்த வருடம் அண்ணை வீட்டுக்குப் புதுக் கூரை போடவும், அறையோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டவும் நினைத்தார். என் பணிக்கொடை வங்கியில் கிடந்து கரைந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். நீ அங்கே மேசனுக்கும் ஓட்டுக்கும் உன் காசைக் கொடு, அதே காசை நான் இங்கே டொலராகப் போட்டு வைக்கிறேன், ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற அன்றைக்கு மூட்டுக்கு அனுப்புகிறேன். எங்கள் ஆட்களுக்கு இது பழகின வழி. அங்கே ஒருவர் கொடுப்பார், இங்கே ஒருவர் எடுப்பார். இடையில் வங்கியுமில்லை, எழுதின துண்டுமில்லை.

மனிசன் மட்டும் ஒரு சொல் சொன்னார். அண்ணையிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி வையும் என்றார். கூடப் பிறந்தவனிடம் துண்டு வாங்குகிற குடும்பம் எங்களுடையதில்லை என்று நான் சீறி விழுந்தேன்.

அண்ணை அந்த டொலரை வங்கியில் போடவில்லை. கிரிப்டோ என்கிற இணையக் காசு வாங்கி விற்கிற ஒரு கொம்பனியில், தன் போனில் இருந்த தன் கணக்கில் போட்டார். வங்கியை விட வட்டி கூடவாம். வீடியோ கோலில் போனைத் திருப்பிக் காட்டினார். பச்சை எழுத்தில் ஒரு தொகை இருந்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பார்த்தேன். இங்கே மேசன் ஓடு ஏற்றினார், சுவருக்கு வெள்ளை மாபிள் ஒட்டினார், கதிரையில் போல இருக்கக்கூடிய கொமேட் வைத்தார், பிடித்து எழும்ப இரும்புப் பிடி பூட்டினார். அவ்வளவுக்கும் காசு என் கையால் போனது.

கூரை முடிந்து சில மாதத்தில் கொம்பனி இழுத்து மூடியது. காசு எடுக்கிறதைத் தற்காலிகமாக நிற்பாட்டியிருக்கிறாங்கள் என்று அண்ணை சொன்னார். தற்காலிகம் என்ற சொல்லை முப்பது வருடம் அலுவலகக் கடிதங்களில் எழுதினவள் நான். அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். போனில் தேடிப் பார்த்தேன். கொம்பனி நடத்தினவர்கள் சனத்தின் காசைத் தங்கள் காசு போல எடுத்து ஆண்டிருக்கிறார்கள். வழக்கு, கைது, நீதிமன்றம் என்று செய்தி செய்தியாகக் கிடந்தது. அன்றைக்கு நான் சோறு வைக்கவில்லை. எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு கண்ணாடி மாளிகையில் இருந்துகொண்டு என் மனிசனின் முழங்காலைத் தின்றிருக்கிறான் என்று வயிறெரிந்தது.

அண்ணை ஒரேயடியாகச் சோர்ந்து போனார். போனது போனதுதான், தன்ரை காசும் அதற்குள் கொஞ்சம் போய்விட்டது, அதைக் கிண்டினால் நெஞ்சு வலிதான் மிஞ்சும் என்றார். மச்சாள், அவருடைய மனிசி, இதைப் பற்றிக் கதைத்தால் அவருக்குப் பிரஷர் ஏறுகிறது என்று எனக்குச் சொல்லி அனுப்பினா. எனக்கு ஏறாதோ? ஆனால் நான் அழுதுகொண்டிருக்கவில்லை. நீதிமன்றம் நியமித்த ஆட்கள், இருக்கிறதைச் சேர்த்துக் காசு போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள், அதற்குக் கணக்குக்காரர் உரிமை கோரிப் படிவம் போட வேண்டும், அதற்குக் கடைசித் திகதியும் உண்டு என்று கண்டுபிடித்தவள் நான். கணக்குக்காரரான அண்ணைக்கோ அது தெரியாது. மின்னஞ்சல் வந்ததாம், பார்க்க மனமில்லையாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறு காலையும் எனக்கு அதுதான் வேலை. அண்ணை தன் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பார், நான் இங்கே குசினியில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதை அமத்துங்கோ, இதை வாசியுங்கோ என்று சொல்லிக்கொடுப்பேன். கடவுச்சீட்டுப் படம் தெளிவில்லை என்று மூன்று தரம் திருப்பினார்கள். விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். கடவுச்சீட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். அண்ணை அலுத்து எழும்புவார், நான் அதட்டி இருத்துவேன். கொம்பனி மூடின அன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்குத்தான் தருவோம் என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு அந்தக் காசு பல மடங்கு ஏறினாலும் எங்களுக்கு அந்தப் பழைய விலைதானாம். அதற்கும் இரண்டு நாள் கத்தினேன். யாரிடம் என்று கேட்கக் கூடாது. ஆட்டிடமும் மாட்டிடமும்தான்.

அதற்கிடையில் எங்கேயோ இருந்து என் நம்பர் பிடித்து ஒருவன் வட்ஸ்அப்பில் வந்தான். தேனாகத் தமிழ் கதைத்தான். உங்கள் கிரிப்டோப் பணத்தை மீட்டுத் தருகிறோம் அம்மா, முதலில் ஒரு சிறு கட்டணம் கட்டினால் போதும் என்றான். நாய் கடித்த இடத்தில் ஓணான் நக்க வந்தது போல இருந்தது. அவனை நான் ஏசின ஏச்சை இங்கே எழுத ஏலாது. மனிசன் உள்ளே இருந்து சிரித்தது கேட்டது. முழங்கால் போன அந்த மூன்று வருடத்தில் அவர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்தப் பணம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது. அண்ணை என்ன போடுவது என்று கேட்டார். தங்கச்சியின் காசு என்று போட்டால் அது இலங்கையிலிருந்து எப்படி வந்தது என்று கேட்பார்கள். வங்கித் துண்டு கேட்பார்கள். அது எங்களிடம் இல்லை. கோரிக்கையையே தள்ளிவிடுவார்கள். நான் ஒரு நிமிடம்தான் யோசித்தேன்.

“உங்கடை சம்பளம் எண்டு போடுங்கோ, அண்ணை.”

போட்டார். பேர் ஒன்று, காணி ஒன்று என்றால் சனத்தைத் திருப்பி அனுப்பின கிளாக்கர், தன் காசுக்கு மட்டும் தன் வாயாலேயே இன்னொருவர் பேரைச் சொல்லிக்கொடுத்தாள். அப்போது அது கெட்டித்தனமாகத்தான் பட்டது. படிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்த அன்றைக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்தேன்.

பிறகு காத்திருந்தோம். ஒரு வருடத்துக்கு மேல் போனது. சென்ற வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். முறை வந்துவிட்டது, மூட்டுகளை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நான் அன்றைக்கே அண்ணைக்கு எடுத்தேன். நீதிமன்ற ஆட்கள் காசு பிரிக்கத் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் கிடந்தது, உங்களுக்கு வரவில்லையோ என்று கேட்டேன். இன்னும் வரவில்லைப் பிள்ளை, பொறு என்றார். நான் இருந்த நகையை அடைவு வைக்கலாமா என்று பார்த்தேன், அது ஒரு மூட்டுக்கே காணாது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய், காசு வரவில்லை, எங்கள் முறையை அடுத்தவருக்குக் கொடுங்கோ என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தேன். பெயரைத் திரும்ப வரிசையின் அடியில் எழுதினார்கள். பஸ்ஸில் வரும்போது மனிசன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணை ஒரு குரல் செய்தி அனுப்பினார். வீட்டுக்கு முன்பக்கம் மதில் கட்டி ஒரு தள்ளுகிற கேற்றுப் போட எவ்வளவு காசு முடியும் என்று மேசனிடம் கேட்டுச் சொல்லட்டாம். நான் உடனே எடுத்தேன். மதில் கட்டக் காசு எங்காலை என்று கேட்டேன்.

“அது வந்திட்டுது, பிள்ளை. அந்தக் கொம்பனிக் காசு.”

மழை வந்தது என்று சொல்வது போலச் சொன்னார். எப்ப வந்தது என்றேன். மூன்று மாதத்துக்கு மேலே இருக்கும் என்றார். அதாவது நான் ஆஸ்பத்திரியில் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு வந்த அன்றைக்குக் காசு அவர் கையில் இருந்திருக்கிறது. வாயைத் திறந்தேன், பிறகு மூடவில்லை. சுத்துமாத்துக்காரன் என்றேன். கொம்பனிக்காரனாவது முகம் தெரியாதவன், நீங்கள் என்னோடு ஒரு கோப்பையில் சாப்பிட்டவர் என்றேன். அவர் பொறுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, ஏற்கெனவே யோசித்து வைத்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். என் காசு எங்கும் போகவில்லையாம், கூரையில் இருக்கிறதாம். கொம்பனியில் இருந்தது அவர் உழைத்த டொலராம். அது போயிருந்தால் நட்டம் அவருக்குத்தானாம். பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர் வளவுத் தேங்காயை யார் பிடுங்கினது, அவர் ஒரு நாளாவது கணக்குக் கேட்டாரா என்றார்.

“படிவத்திலை என்ரை சம்பளம் எண்டு போடச் சொன்னது ஆர்? நீதானே. இப்ப வந்து உன்ரை காசெண்டால்?”

அறுபதை எட்டப் போகிற வயதில் ஒருவர் எனக்குப் படிவத்தைக் காட்டி வாயடைக்கச் செய்தது அதுதான் முதல் தடவை. என் மௌனத்தைச் சமாதானம் என்று நினைத்தாரோ என்னவோ, குரலை இறக்கினார். இதுக்கெல்லாம் ஏன் கோபிக்கிறாய், அந்த வீடு என்ன எனக்கு மட்டுமோ, எங்கள் எல்லாருக்கும் பொதுதானே என்றார்.

“அப்ப சரி, அண்ணை,” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஓட்டோக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு பையில் மனிசன் கட்டுகிற சாரம், மருந்து, இரண்டு தலையணை உறை. எங்கே என்று மனிசன் கேட்டார், நான் சொல்லவில்லை. இரண்டு ஒழுங்கைக்கு ஓட்டோ பிடித்துப் போனதைச் சனம் படலையில் நின்று பார்த்தது. பார்க்கட்டும். அண்ணையின் வீட்டு வாசலில் நிற்பாட்டினபோதுதான் அவருக்கு விளங்கியது. மற்றவனுடைய வீடு, எனக்கு வேண்டாம், திருப்பிக் கூட்டிக்கொண்டு போம் என்று ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேலே பாருங்கோ, அந்த ஓடு ஒவ்வொன்றும் நான் முப்பது வருடம் எழுதிய பேனை, அதற்குக் கீழே போக உங்களுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

குளியலறைக்கு நான் கூடப் போக வெளிக்கிட்டேன். வேண்டாம் என்றார். சுவரைப் பிடித்து, பிறகு இரும்புப் பிடியைப் பிடித்து, தானே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே கொளுக்கி விழுந்த சத்தம் கேட்டது. நான் வெளியே புதுச் சீமெந்து நிலத்தில் குந்தி இருந்து, சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதேன். சந்தோசம் என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவும் கொதி.

பின்னேரத்துக்குள் யாரோ கனடாவுக்குச் சொல்லிவிட்டார்கள். அண்ணை எடுத்தார். இந்தமுறை பிள்ளை கிள்ளை என்று ஒன்றுமில்லை. அற்றோணியை முறிக்கப் போகிறாராம், பொலிசுக்குப் போகப் போகிறாராம், ஊர் சிரிக்கப் போகிறதாம். மனிசன் பக்கத்தில் கட்டிலில் காலை நீட்டி இருந்தார். நான் போனைச் சத்தமாகவே வைத்துக் கதைத்தேன். முறியுங்கோ என்றேன். இரண்டு மூட்டின் காசையும் அனுப்புகிற அன்றைக்கு வீட்டைக் கழுவிப் பூட்டிக் கையில் தருகிறேன், அதுவரைக்கும் இந்த வீட்டிலிருந்து என்னைப் பிணமாகத்தான் எடுக்கலாம் என்றேன். நெஞ்சில் இருந்ததெல்லாம் வந்தது.

“மூண்டு வருசம், அண்ணை. மூண்டு வருசமாய் இந்த மனிசனைப் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டு திரிஞ்சனான். கதவு சாத்தாமல் ஒரு ஆம்பிளை இருந்தவர். அது உங்களாலை.”

நான்தான் வைத்தேன். நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டுவிட்டேன் என்ற திருப்தியோடு மனிசனைத் திரும்பிப் பார்த்தேன். நல்லாச் சொன்னீர் என்று ஒரு சொல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

“மூண்டு வருசமும் இந்த வீட்டுத் திறப்பு உம்மிட்டைத்தானே இருந்தது?”

ஓம் என்றேன்.